35 வாற்று முன்விளக்குக்குச் சட்டப்படி எந்த மின்குமிழைப் போடலாம்?

வெல்லாவெளிப் பயணி (களுவாஞ்சிக்குடி):

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, போரதீவு ஊடாக வெல்லாவெளிப் பக்கம் நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறேன். மாரி காலத்தில் வேலை முடிந்து புறப்படும்போதே இருட்டிவிடுகிறது. வீதி விளக்கு இல்லாத வயல்வெளித் துண்டுகளில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் போகும். சில இரவுகளில் யானையும் குறுக்கிடும். எனது மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு இவற்றைக் காட்டும் வேளையில் நான் அவற்றுக்கு மிக அருகில் போய்விடுகிறேன்.

வண்டி இந்தியத் தயாரிப்பான 150 சி.சி. வகை, வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்குமிழின் அடித்தட்டில் எச்எஸ்1, 12 வோல்ற்று, 35/35 வாற்று என்று பொறிக்கப்பட்டுள்ளது. குமிழின் கண்ணாடி உட்புறமாகக் கறுத்துவிட்டதால் மாற்றியே ஆகவேண்டும். உதிரிப்பாகக் கடையில் எனக்கு மூன்று பொருள்களைக் காட்டினார்கள். முதலாவது 60/55 வாற்று எச்4 மின்குமிழ். அதன் காதுகளை அரத்தால் சற்றுத் தேய்த்தால் என் விளக்கில் உட்கார்ந்துவிடும் என்றார்கள். இரண்டாவது 6000 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை நிற எல்.ஈ.டி.; அதன் பெட்டியில் ஆயிரக்கணக்கான லுமென் (ஒளியின் அளவு) என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்றாவது நீலப் பூச்சுள்ள ஹலோஜன்.

எனக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் சட்டத்துக்குப் புறம்பாகவும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தும் அந்த வெளிச்சத்தைப் பெற விரும்பவில்லை. இவற்றில் எதைப் போடலாம், தரமான மின்குமிழை எப்படி அடையாளம் காண்பது, மழையில் எந்த நிற ஒளி உதவும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வாகன மின்னியல் ஆசிரியர் (கல்முனை):

வணக்கம் தம்பி. உங்களுக்குக் காட்டிய மூன்றும் உங்கள் விளக்குக்கு உரியவை அல்ல. இப்போது இருக்கும் அதே எச்எஸ்1 வகையில், அதே 35/35 வாற்றில், அங்கீகார முத்திரை பெற்ற நல்லதொரு ஹலோஜன் மின்குமிழை வாங்குங்கள். இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்; ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முன்விளக்கு என்பது மின்குமிழ், பின்னாலுள்ள ஒளித்தெறிப்பி, முன்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்ட ஒரே கருவி. இரட்டை இழை ஹலோஜனில் உயர் ஒளிக்கு ஓர் இழையும், நாம் டிம் என்று சொல்லும் தாழ் ஒளிக்கு இன்னோர் இழையும் இருக்கின்றன. தாழ் ஒளி இழையின் கீழே கரண்டி போன்ற சிறிய உலோகத் தடுப்பு ஒன்று உண்டு. அது இழையின் ஒளியை ஒளித்தெறிப்பியின் மேற்பாதிக்கு மட்டும் அனுப்புவதால்தான் கற்றை வீதியை நோக்கித் தாழ்ந்து, எதிரே வருபவரின் கண்மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. இழை தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

இழை மின்குமிழ்களின் அளவையும் ஒளியையும் ஐக்கிய நாடுகளின் 37ஆம் இலக்க ஒழுங்குவிதி வரையறுக்கிறது, இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 034 என்ற தரநிலை அதே பணியைச் செய்கிறது. 37ஆம் இலக்க விதியின்படி, 13.2 வோல்ற்றில் எச்எஸ்1 தாழ் ஒளியில் ஏறத்தாழ 525 லுமெனும் உயர் ஒளியில் 825 லுமெனும் தரவேண்டும். எச்4 முறையே 1000, 1650 லுமென் தரவேண்டும். கடைக்காரர் எச்4ஐ நீட்டியதற்கு இந்த இரட்டிப்புத்தான் காரணம். ஆயினும் 35 வாற்று மின்குமிழ் ஏறத்தாழ 3 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும் இடத்தில் 60 வாற்று மின்குமிழ் 5 அம்பியர் எடுக்கும். மெல்லிய வயரும் கைப்பிடியிலுள்ள சுவிட்சும் அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஹோல்டர் உருகும்; பிளாஸ்டிக் ஒளித்தெறிப்பியின் வெள்ளிப் பூச்சு வெப்பத்தில் மங்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டு வகைகளின் அடித்தட்டுக் காதுகளை வேறுபடுத்திச் செய்திருப்பதே ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக்கூடாது என்பதற்காகத்தான். அரத்தால் தேய்த்து அந்தப் பாதுகாப்பை நீக்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத காரியம். உங்கள் வண்டியின் அதே பெயரில் பிந்தி வந்த மாதிரியொன்றில் எச்4 இருந்தாலும், அதனுடைய விளக்கும் வயரிங்கும் வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நமது நாட்டில் வாகன விளக்குகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் அதன் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளுக்கும் உட்பட்டவை. தயாரிப்பாளர் அங்கீகாரம் பெற்ற வடிவில் விளக்கை வைத்திருப்பவருக்கு வீதியில் நிறுத்தும் பொலிஸாரிடம் விளக்கம் சொல்லவேண்டிய தேவையே எழாது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டுவிட்டதால் விளக்கும் சரியானதுதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதற்கு முன் செய்யப்படும் பரிசோதனை புகையை அளக்கிறதே தவிர முன்விளக்கை அளப்பதில்லை.

முத்திரையைப் பொறுத்தவரை, மின்குமிழின் உலோக அடியில் ஒரு வட்டமும், அதற்குள் ஈ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தும், அங்கீகாரம் வழங்கிய நாட்டின் இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 43 ஜப்பான். அந்த இலக்கம் அங்கீகரித்த நாட்டையே குறிக்கும். தயாரித்த நாடு வேறாக இருக்கலாம். எல்.ஈ.டி. பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் சி.ஈ. என்ற இரட்டை எழுத்தை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தயாரிப்பாளர் தாமே செய்துகொள்ளும் பிரகடனம். முன்விளக்கின் ஒளிக்கற்றையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பிலிப்ஸ், ஒஸ்ராம் போன்ற பெயர்களில் போலிகளும் சந்தையில் உலாவுவதால், பெட்டியை நம்பாமல் மின்குமிழின் அடியிலுள்ள பொறிப்பையே வாசியுங்கள். தேய்த்தால் அழிந்துபோகும் மை எழுத்தாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நீலப் பூச்சு தேவையற்றது; இழை தரும் ஒளியில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடுகிறது. மழையில் மஞ்சள் ஒளி ஊடுருவும் என்ற நம்பிக்கை நம் பகுதியில் பரவலாக இருந்தாலும், மழைத்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது என்பதால் அது எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேபடியாகவே சிதறடிக்கும். ஈரமான தார் வீதி, கண்ணாடியைப் போல, விழும் ஒளியை முன்னோக்கித் தெறிக்கச் செய்வதனாலேயே நமக்குத் திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. அதே தெறிப்பு எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும்போது, நீலம் கலந்த வெள்ளை ஒளி கூடுதலான கூச்சத்தைத் தருகிறது. சாதாரண ஹலோஜனின் ஏறத்தாழ 3200 கெல்வின் நிறம் மழைக்குப் போதுமானது.

அக்கரைப்பற்று ஓட்டுநர்:

சேருக்கும் சகோதரருக்கும் எனது ஸலாம். சேர் சொன்ன காரணங்களை மதிக்கிறேன்; ஆனாலும் எனக்கொரு சந்தேகம் தீரவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின் வரும் மோட்டார் சைக்கிள்கள் பல எல்.ஈ.டி. முன்விளக்கோடுதான் வருகின்றன. அவை சட்டபூர்வமானவை என்றால், பழைய வண்டியில் நாம் போடும் எல்.ஈ.டி. மட்டும் ஏன் தவறாகிறது? நான் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு இரவில் போய்வருபவன். ஹலோஜனை நீக்கி எல்.ஈ.டி. போட்டபின் வண்டிக்கு முன்னாலுள்ள வீதி பகல்போலத் தெரிகிறது. பற்றரியிலிருந்தும் குறைந்த மின்சாரத்தையே எடுக்கிறது. அதேவேளை திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் எதிரே வரும் சில வண்டிகளின் எல்.ஈ.டி. என் கண்ணை முற்றாக மறைத்துவிடுவதும் உண்மை. என்னுடையதும் மற்றவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறதா என்பதை அறிய விரும்புகிறேன்.

வாகன மின்னியல் ஆசிரியர் (கல்முனை):

நல்ல கேள்வி. தொழிற்சாலையிலிருந்து எல்.ஈ.டி.யோடு வரும் விளக்கில், எல்.ஈ.டி. சில்லுகளின் (ஒளிதரும் சிறு துண்டுகளின்) இடத்தையும் வடிவத்தையும் கணக்கிட்டே ஒளித்தெறிப்பியும் வில்லையும் வடிவமைக்கப்படுகின்றன. முழு விளக்கும் ஒன்றாகவே அங்கீகாரம் பெறுகிறது. எல்லாத் திசையிலும் ஒளிரும் மெல்லிய இழைக்கென்று வளைக்கப்பட்ட ஒளித்தெறிப்பிக்குள், இருபக்கமும் சில்லு ஒட்டிய தடித்த தண்டைச் செருகினால் ஒளி போகவேண்டிய இடத்துக்குப் போகாது. 37ஆம் இலக்க விதி இழை மின்குமிழ்களுக்கு மட்டுமே உரியது. ஜெர்மனியில் 2020 தொடக்கம் சில மாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாகன மாதிரியின் விளக்கோடும் தனித்தனியே சோதித்து, பட்டியலிட்ட மாதிரிகளுக்கு மட்டுமே அந்த அனுமதி வழங்கப்படுகிறது. நமது கடைகளில் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுபவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

வண்டிக்கு முன்னால் பகல்போல இருக்கிறது என்றீர்கள். கவலை தருவதே அதுதான். பக்கத்துத் தரையில் ஒளி அதிகம் விழும்போது கண்மணி சுருங்கி, தூரத்திலுள்ள மங்கலான பொருளைக் காணும் ஆற்றல் குறைகிறது. வெளிச்சம் கூடியதாக மனம் நிறைவடையும். தூரப் பார்வையோ குறைந்திருக்கும். ஆளில்லாத நேரான வீதியில் நண்பர் ஒருவரைக் கருநிறத் துணியோடு நிறுத்தி, எத்தனை அடி தூரத்திலிருந்து அவரைக் கண்டுகொள்கிறீர்கள் என்று இரண்டு மின்குமிழ்களாலும் சோதித்துப் பாருங்கள். அதன்பின் அவருடைய இடத்தில் நீங்கள் நின்று, அவர் வண்டியைத் தாழ் ஒளியில் ஓட்டிவரும்போது உங்கள் கண் கூசுகிறதா என்று பாருங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அதில் கிடைத்துவிடும்.

தூரத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும்போது, ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒன்றரைச் செக்கன் எடுக்கிறது என்று வைத்தால் அதற்குள் வண்டி 25 மீற்றர் போய்விடும். காய்ந்த வீதியில் மிதமாகப் பிரேக் பிடித்து நிற்க மேலும் 28 மீற்றர் அளவு வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரில் இந்தக் கூட்டுத்தொகை 29 மீற்றராகக் குறைகிறது. தாழ் ஒளியில் கருமையான யானையோ எருமையோ 50 மீற்றருக்கு அப்பால் தெரியும் என்று எந்த மின்குமிழை நம்பியும் ஓட்டக்கூடாது.

கராஜ் வேலை செய்பவர் (ஆரையம்பதி):

சேர் மின்குமிழைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மின்குமிழுக்கு வந்துசேரும் மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிழை வயரிங்கில்தான் இருக்கிறது. நமது கரையோரத்து உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கின்றன. பூமி வயர் சட்டகத்தோடு சேருமிடம் துருவேறுகிறது. பல ஆண்டுகள் அழுத்திய டிம் சுவிட்சின் உட்தகடு கருகிவிடுகிறது. ஒவ்வோரிடத்திலும் சிறிதளவு வோல்ற்று இழக்கப்படுகிறது. ஹலோஜன் இழையின் ஒளி வோல்ற்றைவிடப் பன்மடங்கு வேகத்தில் குறையும்: வோல்ற்று நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும். 35 வாற்று போதாது என்று நாம் நினைப்பது, அந்த 35 வாற்று முழுமையாக வந்துசேராததனால்தான்.

ஆகவே புது மின்குமிழ் வாங்குமுன் ஒரு மல்ற்றிமீற்றரை எடுத்து, இயந்திரம் சற்று வேகமாக ஓடி, விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போது, முதலில் பற்றரியின் முனைகளிலும் பிறகு ஹோல்டரின் பின்பக்கத்திலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வயரிங்கைத் திருத்துங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில சிறிய வண்டிகளில் முன்விளக்கு பற்றரியிலிருந்து அல்லாமல் மின்பிறப்பாக்கியிலிருந்து நேரே ஆடலோட்ட (ஏ.சி.) மின்சாரத்தால் எரிகிறது. இயந்திரம் நின்றதும் விளக்கும் அணைந்து, மெதுவாக ஓடும்போது மங்கினால் அது அந்த வகை. அதற்கு மீற்றரை ஆடலோட்ட அளவுக்கு மாற்ற வேண்டும். பற்றரி மின்சாரத்தை நேரே விளக்குக்கு விடும் ரிலே என்ற மின்சுவிட்சை அதில் அப்படியே சேர்க்கவும் முடியாது. அத்தகைய வண்டிகளில் எல்.ஈ.டி. மினுங்குவதும் விரைவில் பழுதாவதும் கராஜுக்கு அடிக்கடி வரும் முறைப்பாடுகள். எல்.ஈ.டி.யின் பின்புறத்து விசிறி தடித்திருப்பதால் றப்பர் மூடி சரியாக மூடாமல், விளக்குக்குள் மழைநீரும் உப்பும் இறங்குவது இன்னொரு தொல்லை.

ஒளித்தெறிப்பியையும் பாருங்கள். வெள்ளிப் பூச்சு மங்கியோ உரிந்தோ இருந்தால் எந்த மின்குமிழும் பயன் தராது. அதைத் துணியால் துடைக்கவும் கூடாது, பூச்சு கையோடு வந்துவிடும். முழு விளக்கையும் உரிய மாதிரியில் மாற்றுவதே வழி. முன்கண்ணாடி மட்டும் மஞ்சளித்திருந்தால் மெருகேற்றிப் பார்க்கலாம்.

வெல்லாவெளிப் பயணி (களுவாஞ்சிக்குடி):

அனைவருக்கும் நன்றி. ஆரையம்பதி அண்ணன் சொன்னபடி அளந்து பார்த்தேன். பற்றரியில் 13.8 வோல்ற்றும் ஹோல்டரில் 11.4 வோல்ற்றும் காட்டின. என் வண்டியின் விளக்கு பற்றரியிலிருந்துதான் எரிகிறது. பூமி வயரின் முனை துருவால் மூடப்பட்டிருந்தது. அதைச் சுரண்டிப் புதிய முனை பொருத்தியதும் 12.5க்கு ஏறியது. ஊரிலுள்ள வயரிங் பாஸ் ஒருவர், பற்றரியிலிருந்து பியூசுடன் தனி வயர் இழுத்து, டிம்முக்கும் உயர் ஒளிக்கும் ஒவ்வொரு ரிலே வைத்துத் தந்தபின் இப்போது ஹோல்டரில் 13.4 வோல்ற்று கிடைக்கிறது. பழைய கறுத்த மின்குமிழே முன்னரைவிடத் தெளிவாக எரிவதைக் கண்டு வியந்தேன்.

ஒளித்தெறிப்பி நன்றாக இருக்கிறது. வட்டத்துக்குள் ஈ முத்திரையுள்ள எச்எஸ்1 மின்குமிழ் ஒன்று மட்டக்களப்பு நகரில் கிடைத்தது. அதே கடையில் நூற்றுக்கு இத்தனை வீதம் கூடுதல் ஒளி என்று எழுதிய எச்எஸ்1 ஒன்றும் இருந்தது. அதற்கும் முத்திரை உண்டு. அதை வாங்குவது நல்லதா? பொருத்தியபின் ஒளிக்கற்றையை எவ்வாறு சரிசெய்வது? வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றிப் போகும் நாள்களும் உண்டு.

வாகன மின்னியல் ஆசிரியர் (கல்முனை):

11.4இலிருந்து 13.4க்கு வந்திருக்கிறீர்கள் என்றால், மின்குமிழை மாற்றாமலேயே ஒளி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. எச்4 போட்டுப் பெற நினைத்ததில் பெரும்பங்கை உங்கள் விளக்கு சட்டத்துக்கு உட்பட்டே தந்துவிட்டது. வோல்ற்று 14.5க்கு மேல் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் மின்னழுத்தச் சீராக்கியைச் சோதிக்க வேண்டும், இல்லையேல் இழை விரைவில் அறுந்துபோகும்.

கூடுதல் ஒளி என்று எழுதிய மின்குமிழ், முத்திரை உண்மையானால் சட்டபூர்வமானதே. அதுவும் அதே லுமென் எல்லைக்குள்தான் நிற்கவேண்டும். இழையை இறுக்கமாகச் சுற்றி, கற்றையின் சில இடங்களில் ஒளியைச் செறிவாக்குகிறார்கள். அதற்கு விலையாக ஆயுள் குறைகிறது. நீங்கள் போய்வரும் படுவான்கரைப் பகுதியின் குண்டும் குழியுமான வீதிகளில் அதிரும் வண்டிக்குச் சாதாரண இழையே என் தெரிவு. வேறொன்றை வாங்கப் பணம் இருந்தால், சாதாரண மின்குமிழ் இன்னொன்றை வாங்கித் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். பொருத்தும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிக் கண்ணாடி பழுதாகும். தொட்டுவிட்டால் மதுசாரம் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

ஒளிக்கற்றையைச் சரிசெய்ய, சில்லுகளில் காற்றை உரிய அளவுக்கு நிரப்பி, சமதரையில் சுவருக்கு 5 மீற்றர் தூரத்தில் வண்டியை நேராக நிறுத்தி, நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்க வேறொருவர் பார்க்கட்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தைச் சுவரில் கோடிட்டு, தாழ் ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 5 சென்ரிமீற்றர் கீழே விழும்படி திருகாணியைத் திருப்புங்கள். அது நூற்றுக்கு ஒரு வீதச் சரிவு. மோட்டார் சைக்கிள்களுக்கான ஐக்கிய நாடுகளின் விதி அரை வீதத்துக்கும் இரண்டரை வீதத்துக்கும் இடைப்பட்ட சரிவை ஏற்கிறது. பின்னால் ஒருவர் அமரும்போது வண்டியின் பின்பகுதி தாழ்ந்து கற்றை மேலெழும் என்பதால், உங்கள் மனைவியையும் ஏற்றி ஒருமுறை சுவரில் பாருங்கள். அப்போது விளிம்பு கோட்டைத் தாண்டினால், பின்பக்க அதிர்ச்சித் தாங்கியின் சுருளை ஒரு படி இறுக்குங்கள். அதுவும் போதாவிட்டால் இருவர் அமர்ந்திருக்கும் நிலைக்கே திருகாணியைப் பொருத்திவிடுங்கள். தனியே போகும்போது கற்றை சற்றுக் கிட்டே விழும். அந்த இரவுகளில் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.